மாமியார் வரும்முன் ஒரு மாவீரன்

என் வம்சத்தில் ஒரு மாவீரன் இருந்தே தீரவேண்டும் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தேன். இருந்தானா இல்லையா என்பது அப்புறம். முதலில் முடிவு.

காரணம், என் மாமியார்.

மார்ஸலி கில்கோரன் சாதாரண மாமியார் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கும் கில்கோரன் குலத்துக்கே அவர்தான் தலைவி. அண்ணன் வாரிசில்லாமல் கண்ணை மூடியதும் பட்டம் இவருக்கு வந்தது. தொப்பியில் கழுகு இறகு மூன்று செருகிக்கொள்ளும் உரிமை ஊரில் அவர் ஒருவருக்குத்தான். மற்ற மாமியார்கள் முறைத்தால் மாப்பிள்ளை மட்டும் நடுங்குவான். இவர் முறைத்தால் ஒரு குலமே நடுங்கும். அந்த இறகுத் தொப்பியோடு அவர் நிரந்தரமாக எங்கள் வீட்டுக்கு வரப்போவதாக, காலை ஓட்ஸ் கஞ்சியை என் தட்டில் ஊற்றிக்கொண்டே என் மனைவி இஷ்பெல் அறிவித்தாள்.

"அம்மாவுக்கு முட்டி வலி. அந்த வீட்டுல மாடிப்படி ஏற முடியல. திருவிழா முடிஞ்சதும் இங்கயே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன்."

"தாராளமா வரட்டும். எங்க தங்க வைப்ப?"

"கீழ் ரூம்ல."

கரண்டியைக் கீழே வைத்தேன். "எந்தக் கீழ் ரூம்?"

"நம்ம வீட்டுல எத்தனை கீழ் ரூம் இருக்கு?"

ஒன்றுதான். அது என்னுடையது. என் தூண்டில்கள், என் சாய்வு நாற்காலி, ட்ரவுட் மீனை ஏமாற்ற நான் இறகிலும் நூலிலும் கட்டிவைத்த பொய்ப் பூச்சிகள், ஆற்றைப் பார்த்த ஒரு ஜன்னல். பூச்சி கட்டுகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள். உலகத்திலேயே 'ஏங்க, இதைக் கொஞ்சம்...' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் நுழையாத ஒரே இடம் அது. அந்தக் கதவுக்கு உள்ளே நான் ராஜா. கதவுக்கு வெளியே நான் பாத்திரம் துடைப்பவன்.

"அப்ப என் தூண்டிலெல்லாம்?"

"கொட்டகையில போடுங்க."

"கொட்டகை ஒழுகுது இஷ்பெல்!"

"மீன் பிடிக்கிற சாமான்தானே? நனைஞ்சா என்ன?"

முடியாது, மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'மா' வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மா... ர்மலேட் எங்க?" என்றேன்.

"உங்க முன்னாடிதான் இருக்கு."

இருந்தது. தடவித் தின்றேன். கஞ்சிக்கு மார்மலேட் ஒத்துவரவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மர்டோ. ரிட்டையரான தபால்காரர். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது முன்பெல்லாம் கவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இப்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்.

"என்னடா லாக்லன், முகம் ஒழுகுற கொட்டகை மாதிரி இருக்கு?"

சொன்னேன். மர்டோ குழாய்ப் புகையிலையைக் கிண்டியபடி யோசித்தார்.

"உன் குலம் என்ன?"

"மக்டார்வி."

"தலைவர் யாரு?"

"யாரோ ஒருத்தர். கனடாவுல பல் டாக்டர். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவார். 'ஈறுகளைக் கவனித்துக்கொள்ளுங்கள்'னு எழுதியிருக்கும்."

"அது போதும்டா!" மர்டோ வேலியைத் தட்டினார். "திருவிழாவுல சத்தியம் எடுத்துக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் பள்ளத்தாக்கின் குலத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்தாம் வருஷப் போருக்கு, அதாவது இளவரசர் படகில் வந்து இறங்கிக் குலங்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போனாரே அந்தப் போருக்கு, படைவீரனாகப் போன முன்னோர் எவனாவது உனக்கு இருந்தால், நீ மைதானத்துக் கல்லின் மேல் ஏறி நிற்கலாம். இன்னார் மகன் இன்னார் என்று அந்த வீரன் வரைக்கும் வாயாலேயே வம்சத்தைச் சொல்லவேண்டும். தடுக்காமல் சொல்லி முடித்தால் வெள்ளிக் கிண்ணத்தில் விஸ்கி. அதைக் குடித்துச் சத்தியம் செய்தால் அன்றிலிருந்து நீ குலத்தலைவரின் ஆள். தலைவர் சொல்தான் உனக்கு முதல் சொல்.

"தலைவர் சொல்லு முதல்ல," என்றார் மர்டோ. "அதுக்கப்புறம் ராஜா சொல்லு. அதுக்கப்புறம் போலீஸ், பாதிரியார், நாய். கடைசியிலதான் பொண்டாட்டி."

"என் தலைவர் ரூமைக் காலி பண்ணுன்னு சொல்லவே மாட்டாரே!"

"ஈறைத் தாண்டி அவர் எதைப் பத்தியும் பேச மாட்டாரு."

மர்டோவைக் கட்டிப்பிடித்திருப்பேன். நடுவில் வேலி இருந்தது.

ஒரே ஒரு குறை. எனக்குப் படைவீரன் முன்னோர் வேண்டும். என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த வம்ச வரிசை ஈவன் என்ற ஒருவரோடு முடியும். ஈவன் அந்தக் காலத்து ஆள்தான். ஆனால் போருக்குப் போனாரா, போர்வைக்குள் போனாரா, அப்பா சொல்லவில்லை.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை நாசூக்காக ஆரம்பித்தேன்.

"இஷ்பெல், நம்ம வம்சத்துல ஒரு வீரன் இருந்ததா ஒரு பேச்சு."

"நம்ம வம்சத்துல நிறைய பேர். உங்க வம்சத்துல யாரு?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

"உங்க அப்பா வாத்தைப் பார்த்து மரத்துல ஏறினவரு."

"அது வாத்து இல்ல. அன்னப்பறவை. கோபமா இருந்துச்சு."

"சரி, அன்னப்பறவை."

நெஞ்சை நிமிர்த்தினேன். சத்தியம் எடுக்கப்போவதையும், பிறகு குலத்தலைவர் சொன்னாலொழிய கீழ் அறையைக் காலி செய்வதற்கில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் குனிய ஏதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

இடி விழவில்லை. இஷ்பெல் கையைத் துடைத்துக்கொண்டாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணில் ஒரு மினுக்கம். அதைப் பாசம் என்று நினைத்தேன்.

"சரிங்க."

"சரியா?"

"போருக்குப் போன முன்னோர் இருந்து, நீங்க முறைப்படி சத்தியம் பண்ணிட்டா, ரூம் உங்களுக்குத்தான். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அம்மா அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும்."

"நெஜமாவா?"

"ஆனா உங்க தலைவரே காலி பண்ணச் சொன்னா?"

"சொன்னா அந்த நிமிஷமே காலி! தலைவர் வாக்குன்னா வாக்கு!" உள்ளுக்குள் ஒரு பல் டாக்டர் சிரித்தார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?"

"மைக் வச்சு சொல்லுவேன்."

"எனக்கு இது போதுங்க," என்றாள் இஷ்பெல். கூடவே எனக்கு இன்னொரு துண்டு வெல்லப்பாகு கேக் வைத்தாள். திருமணமான நாளிலிருந்து இரண்டாம் துண்டு எனக்குக் கிடைத்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கேக் நன்றாக இருந்தது.

தேடல் தொடங்கியது. முதலில் கனடாவுக்குப் போன் போட்டேன். டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தார். ஈவனைப் பற்றி ஒன்றும் தெரியாது, பல் விளக்கும்போது மேலிருந்து கீழாக விளக்கவும் என்றார். அடுத்து ஊரில் மிச்சமிருந்த ஒரே மக்டார்வியைப் போய்ப் பார்த்தேன். அவர் காது கேளாதவர். நான் ஈவன் என்றதும் அவர் ஆடு விலை சொன்னார்.

சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தால், இஷ்பெல் எனக்காகக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கே, அங்க பார்த்தீங்களா?"

"அங்கயெல்லாம் உங்க குலத்துக்காரங்கதானே?"

"சும்மா பாருங்களேன். நானே கார்ல விடுறேன். வடக்கு மூலைப் பக்கம் பாசி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். சுரண்டறதுக்குக் கரண்டி எடுத்துக்கங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று எனக்குக் கண் கலங்கியது. சாண்ட்விச்சும் கட்டிக்கொடுத்தாள். மர்டோவுக்கும் சேர்த்து.

வடக்கு மூலையில், மழையில், நானும் மர்டோவும் மண்டியிட்டுச் சுரண்டினோம். பாசிக்குள்ளிருந்து முதலில் ஒரு கால் வந்தது. பிறகு கில்ட், எங்கள் ஆண்கள் முழங்கால் வரை கட்டும் கட்டம் போட்ட பாவாடை. பிறகு இடுப்பில் வாள்! கல்லில் செதுக்கிய ஒரு முழு மனுஷன். அவன் தோளில் ஏதோ கொழுத்த உருண்டை. அடியில் எழுத்து. மர்டோ விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"ஈவன் மக்டார்வி."

கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன்.

"படைக்குப் போனவன்."

"மர்டோ!"

"இருடா. திரும்பி வந்தவன்."

"உயிரோட திரும்பி வந்திருக்கார்! அந்தப் போர்ல! எத்தனை பேரை வெட்டிட்டு வந்தாரோ!"

"இந்தக் கல்லை நிறுத்தினவள் அவன் மனைவி கிர்ஸ்டி. அவ்வளவுதான்." மர்டோ தலையைச் சாய்த்துச் சிற்பத்தைப் பார்த்தார். "தோள்ல என்ன அது?"

"பை."

"அது தெரியுது. என்ன பை?"

"பேக்பைப்! குழல் செருகி ஊதுற தோல் பை! வேற என்ன? ஈவன் தாத்தா படைக்கு முன்னால பேக்பைப் வாசிச்சிட்டுப் போயிருக்கார்!"

"குழலெல்லாம் எங்க?"

"மழையில அரிச்சிருக்கும்."

"பை அரிக்கலையே."

"நல்ல பை," என்றேன்.

மர்டோ ஏதோ சொல்ல வந்தவர், சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என் நடை மாறியது. முதலில் இரண்டு கால்களும் சேர்ந்து நடந்தன. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியே அணிவகுத்தது. பால்காரரிடம் பால் வாங்கும்போதுகூட ஒரு கை இடுப்பில், இல்லாத வாளின் மேல் இருந்தது. தபாலாபீஸில் வரிசையில் நிற்பவர்களிடம் ஈவன் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை அவர் பேக்பைப் வாசித்தார். புதன்கிழமைக்குள் வாசித்துக்கொண்டே மூன்று பேரை வீழ்த்தினார். வெள்ளிக்கிழமை இளவரசரே அவரிடம் ஒரு பாட்டு விரும்பிக் கேட்டார்.

வீட்டில் பாத்திரம் துடைக்கும் துணியை மடித்து மேஜைமேல் வைத்தேன்.

"என்ன இது?" என்றாள் இஷ்பெல்.

"ஈவன் தாத்தாவோட பேரன் கையில இனிமே துணி ஏறாது."

"ஏன், அவரு துடைச்சிருக்க மாட்டாரா?"

"அவர் ஊதினவர் இஷ்பெல்! குழல் ஊதினவர்!"

"அப்ப இந்த சூப்பை ஊதி ஆற வைங்க."

ஊதினேன். வம்சத் திறமை.

ஆனாலும் அவள் எனக்குத் துணையாகவே இருந்தாள். என் கில்ட்டை அவளே தேய்த்தாள். வரிசையை நான் மனப்பாடம் செய்யும்போது தடுமாறினால் எடுத்துக்கொடுத்தாள். ஒருநாள் சத்திய வாசகத்தை அவளிடம் சொல்லிக் காட்டினேன்.

"'மக்டார்வி குலத்தலைவரின் சொல்லுக்கு நான் கட்டுப்படுவேன்.' எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." இஷ்பெல் ஊசியை நிறுத்தினாள். "ஆனா சப்புனு இருக்குங்க. சொசைட்டிக்கு மெம்பர் சேர்ற மாதிரி. 'என் ரத்தம் எந்தக் குலமோ, அந்தக் குலத்தலைவரின் சொல்லுக்கு'ன்னு சொல்லுங்களேன். ரத்தம்னு ஒரு வார்த்தை விழுந்தா மைதானமே எழுந்து நிக்கும்."

சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கே என் மேல் பயம் வந்தது.

"இஷ்பெல், உனக்குள்ள ஒரு கவி இருக்கா."

"இருக்கட்டுங்க. அப்படியே, 'அந்தத் தலைவர் இட்ட பணி எதுவானாலும் தட்டமாட்டேன்'னு ஒரு வரி சேர்த்துக்கங்க. முடிவு எடுப்பா இருக்கும்."

சேர்த்துக்கொண்டேன். என் மனைவியை நான் இத்தனை காலம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்ததற்காக உண்மையிலேயே வருந்தினேன். மாமியார் தன் தங்கை வீட்டில் நன்றாக இருக்கவேண்டும் என்றுகூட மனதார வேண்டிக்கொண்டேன்.

திருவிழா நாள் வந்தது. வழக்கம்போல் மழையும் வந்தது. காலையில் கில்ட் கட்டி, கண்ணாடி முன் நின்று, வரிசையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கண்ணாடியில் இருந்தவன் அவ்வளவு கம்பீரமாக இருந்தான், அவனை விட்டு வர மனசே வரவில்லை. கீழே ஏதோ தடதடவென்று சத்தம் கேட்டது. போர் முரசு என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்தில் ஊரே இருந்தது. நீளமான மரத்தண்டைத் தூக்கி எறிபவர்கள், இரும்புக் குண்டு எறிபவர்கள், ஆட்டக்காரப் பெண்கள், பொரித்த மீன் கடை. நடுவில் கல். கல்லுக்கு எதிரே நாற்காலி. நாற்காலியில் மாமியார். பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரே தலைவி அவர்தான் என்பதால் எந்தக் குலத்தவன் சத்தியம் செய்தாலும் கிண்ணம் அவர் கையிலிருந்துதான் வரும். தொப்பியில் மூன்று இறகுகளும் நனைந்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றன.

ஏறினேன். மைக்கைப் பிடித்தேன்.

"நான் லாக்லன்! டங்கனின் மகன்! டங்கன், நீலின் மகன்! நீல், ஆர்ச்சியின் மகன்! ஆர்ச்சி..." இப்படியே இன்னும் மூன்று தலைமுறை மேலே ஏறி, "...சோர்லியின் மகன்!"

ஒரு பெயர்கூடத் தடுக்கவில்லை. மரத்தண்டு தூக்கிக்கொண்டிருந்தவன்கூட அதைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டான்.

"சோர்லி, படைக்குப் போன, திரும்பி வந்த, மாவீரன் ஈவனின் மகன்!"

கைதட்டல். மாமியார் கிண்ணத்தை நீட்டினார். ஒரே மடக்கில் குடித்தேன். வயிற்றில் தீ, தலையில் கிரீடம்.

"என் ரத்தம் எந்தக் குலமோ, அந்தக் குலத்தலைவரின் சொல்லே என் முதல் சொல்! அந்தத் தலைவர் இட்ட பணி எதுவானாலும் தட்டமாட்டேன்! இது சத்தியம்!"

ரத்தம் என்றதும் மைதானம் எழுந்து நின்றது. இஷ்பெல் சொன்னது சரி. அவள் முன்வரிசையில் குடையோடு நின்று எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டினாள். என் அறை கண்முன் வந்தது. ஜன்னல், நாற்காலி, சாத்திய கதவு. இனி சாகும்வரை என்னுடையது.

"ரொம்ப நல்லா சொன்னீங்க மாப்ளே," என்றார் மாமியார். "ஆனா ஈவனோட நிறுத்திட்டீங்களே. ஈவனோட அப்பா யாரு?"

"அது... அதுக்கு மேல எங்க அப்பா சொல்லித் தரலைங்க அத்தை."

"தந்திருக்க மாட்டாரு." மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தார். முட்டி வலியோடு எழுந்தாலும் மலை எழுந்த மாதிரிதான் இருந்தது. மைக் அவருக்குத் தேவைப்படவில்லை. "ஈவன், கோலினின் மகன். கோலின், ரோரியின் மகன். ரோரி கில்கோரன்!"

மைதானம் 'ஓ' என்றது.

"கில்கோரனா?" என்றேன். என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டி போலக் கேட்டது. "அவர் மக்டார்விங்க அத்தை. கல்லுலயே இருக்கு."

"அந்த வருஷம் மக்டார்வி பிரபுகிட்ட ஆளே இல்ல மாப்ளே. இளவரசர் முன்னாடி நிறுத்திக் காட்ட ஒரு படை வேணும். 'என் பேரை யாரு சூட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறானோ அவனுக்கு ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு'ன்னு தண்டோரா போட்டாரு. ஈவன் வீட்டுல அடுப்பு எரிஞ்சு பல நாள் ஆச்சு. கிர்ஸ்டிதான், 'போங்க, போய் பேரை மாத்திக்கிட்டு மூட்டையோட வாங்க'ன்னா. போனாரு."

"போருக்குத்தானே போனார்?"

"வரிசைக்குப் போனாரு. பேரைச் சொன்னாரு. வாளைக் கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டாரு. மூட்டையைக் கொடுத்தாங்க, தோள்ல ஏத்திக்கிட்டாரு. படை வலது பக்கம் திரும்பிச்சு. உங்க தாத்தா இடது பக்கம் திரும்பிட்டாரு."

சிரிப்பு மைதானத்தின் ஒரு ஓரத்தில் கிளம்பி மறு ஓரம் வரை உருண்டு போனது. கூட்டத்தில் மர்டோவைத் தேடினேன். அவர் மிகுந்த அக்கறையோடு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் இருந்தது பேக்பைப் இல்லை. குழல் அரிக்கவில்லை. குழலே இல்லை.

"சிரிக்காதீங்க!" மாமியார் கூட்டத்தை ஒரு அதட்டு அதட்டினார். "அந்த மூட்டையில அஞ்சு பிள்ளைங்க குளிர்காலம் தாண்டுச்சு. வலது பக்கம் போனவங்கள்ல பாதிப் பேரு திரும்பல. அதனாலதான் கிர்ஸ்டி தன் புருஷனை மூட்டையோடயே கல்லுல செதுக்கி வச்சா. எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா இந்தக் கதையைச் சொல்லிட்டு வர்றோம். மூட்டைக்காரங்க என்னிக்காவது வீடு திரும்புவாங்கன்னு."

அந்த ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஈவன் தாத்தாவை அவ்வளவு பிடித்துப்போனது. இளவரசர் விரும்பிக் கேட்ட பாட்டையெல்லாம் விட அந்த மூட்டை பெரிதாகத் தெரிந்தது. மனைவி சொன்னதைக் கேட்டு இடது பக்கம் திரும்பிய மனுஷன். அவர் வலது பக்கம் போயிருந்தால் இந்தக் கல்லின் மேல் இப்படி நனைந்துகொண்டு நிற்க நானே இருந்திருக்க மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

துடைத்து முடித்ததும்தான் கணக்கு புரிந்தது.

"ஆக, உங்க ரத்தம் என்ன ரத்தம் மாப்ளே?"

"கில்... கில்கோரன்ங்க அத்தை."

"அந்தக் குலத்துக்குத் தலைவர் யாரு?"

மூன்று இறகுகளும் காற்றில் ஆடின. நான் கடைசி முயற்சியாக, "கனடாவுல ஒரு டாக்டர்..." என்றேன்.

"அவருக்கும் உங்களுக்கும் சம்பந்தம் ஒரு மூட்டை மாவு. தின்னு தீர்த்தாச்சு."

ஊரே சாட்சி. சத்தியம் ஒலிபெருக்கியில் போய் மலையில் மோதித் திரும்பியும் வந்துவிட்டது. நான் இஷ்பெலைப் பார்த்தேன். அவள் குடையைச் சற்றே தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். குடை குலுங்கியது.

"பயப்படாதீங்க மாப்ளே," என்றார் தலைவி. "வீடு திரும்பினவரை வெறுங்கையோட அனுப்பமாட்டோம். உங்களுக்கு ஒரு பரம்பரைப் பதவி தர்றேன்."

நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. கொடி பிடிப்பவனா? வாள் ஏந்துபவனா? பதவி என்று ஒன்று வந்துவிட்டால் அறை போனாலும் ஒரு மரியாதை மிஞ்சுமே.

"ஈரக்கால் பணியாள்," என்றார்.

இந்த ஊர்க்காரனான எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் குலத்தலைவர் ஆற்றையும் ஓடையையும் கடக்கும்போது அவர் கால் நனையாமல் முதுகில் தூக்கிப் போவதற்கென்றே ஒருவனை வைத்திருப்பார்கள். நனையும் கால் அவனுடையது. இருநூறு வருஷமாக அந்தப் பதவி காலி. நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டான்.

மைதானத்துக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஓடை. காலையிலிருந்து பெய்த மழையில் அது ஆறாகியிருந்தது.

"பாலம் இருக்கே அத்தை."

"பாலத்துக்குப் படி இருக்கு. எனக்கு முட்டி வலி."

குனிந்தேன். குலம் ஏறியது. பேக்பைப்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டு போனார்கள், குழலோடுதான். ஓடைத் தண்ணீர் கில்ட்டுக்கு மேல் எங்கெங்கோ ஏறியது. மாமியார் என் காதருகே குனிந்து, "வலது பக்கம் வழுக்கும் மாப்ளே, இடது பக்கமா போங்க. உங்க குடும்பத்துக்குப் பழக்கம்தானே," என்றார். ஊர் கைதட்டியது. யாரோ ஒருவன் 'ஈவன், ஈவன்' என்று கூவினான். அந்தப் பெயர் அன்றிலிருந்து எனக்கு நிலைத்துவிட்டது.

வீட்டு வாசலிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. கார் கதவு திறந்தது. நான் மறுபடி குனிந்தேன். "கீழ் ரூமைக் காலி பண்ணிடுங்க மாப்ளே," என்றார் தலைவி, முதுகில் ஏறிக்கொண்டே. இஷ்பெல் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மாவுக்கு.

கீழ் அறைக் கதவைக் காலால் தள்ளினேன். ஒருவேளை, ஒரே ஒரு வாரம் அவகாசம் கேட்டால் கிடைக்கலாம். சாமான்களை மெதுவாக எடுக்கலாம். கடைசியாக ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கலாம். வாசகத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

கதவு திறந்தது. உள்ளே பூப்போட்ட திரை. பஞ்சு மெத்தை போட்ட கட்டில். முட்டிக்கு வைக்க இரண்டு தலையணை. மேஜைமேல் மாமியாரின் கண்ணாடிக் கூடு, மாத்திரை டப்பா, தொப்பி மாட்ட ஒரு ஆணி. தூண்டில் ஒன்றுகூட இல்லை. ஒரு பூச்சிகூட இல்லை.

"இதெல்லாம் எப்ப பண்ணின?"

"காலையில. நீங்க மேல கண்ணாடி முன்னாடி நின்னுட்டு இருந்தப்ப. கட்டிலை மர்டோதான் தூக்கிக் கொடுத்தாரு."

"காலையிலயேவா? நான் அப்ப சத்தியமே பண்ணலையே இஷ்பெல்!"

"தெரியுங்க," என்று குடையை மடக்கினாள் என் மனைவி. "சத்தியம் பண்ணினப்புறம் கட்டிலுக்கு ஒரு கை கொடுங்கன்னு உங்களை எப்படிக் கூப்பிடுறது? நீங்கதான் அம்மாவைத் தூக்கிட்டு இருப்பீங்களே."